சனேக்கே பிடித்த ஏழு மாதம்

1

உப்புப் போத்தல் எடுக்கக் குசினி மேசைக்குப் போனேன். அங்கே என் மகள் ஆரபியின் கொப்பி விரிந்து கிடந்தது. அதற்குள் நான் நின்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை கீறிய படம்தான். என்றாலும் ஆளைத் தெரிந்தது. மெலிந்த கறுத்த மனிதன், மேலுதட்டை மூடிய மீசை, இடது பக்கம் கொஞ்சம் சரிந்த தோள். சேர்ட்டை உட்புறம் வெளியே வரும்படி பிரட்டிப் போட்டிருக்கிறான். தையல்களை ஒவ்வொன்றாகக் கீறியிருந்தாள். அவனைச் சுற்றி முழங்கால் உயரத்தில் நாலைந்து சின்ன மனிதர்கள், பாதங்கள் பின்னோக்கித் திரும்பியிருந்தன. பின்னால் ஒரு தகரக் கொட்டகை, பச்சைக் காய்கள் குவியலாக. கொட்டகை வாசலில் தொப்பி போட்ட இன்னொரு மனிதன் மரப்பெட்டி ஒன்றின் மேல் குந்தியிருந்தான்.

கீழே பிரெஞ்சில் இரண்டு வரி. எனக்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டினால்தான் வரும். கூட்டினேன். "சனேக்கேக்கள் அந்த இரண்டு பேரையும் ஏழு மாதம் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்."

அடுப்பில் கறி கொதித்தது. உப்புப் போடாமலே இறக்கிவிட்டேன்.

வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு வரும் வழியில் நான் மெக்சிகோவில் ஏழு மாதம் இருந்தேன். என்னோடு இன்னொருவர் இருந்தார். அகதி விண்ணப்பத்தில் இதை எழுதவில்லை. சிங்கப்பூரில் இருந்து நேரே விமானத்தில் வந்ததாக எழுதினேன். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அனுப்பினான். அந்த ஏழு மாதத்துக்கும் வவுனியாவில் ஒரு விலாசம் கொடுத்தேன். இது நடந்து பதின்மூன்று வருஷம். பிறகு கலியாணம் கட்டிய வசந்தாவுக்கும் சிங்கப்பூர்க் கதையைத்தான் சொன்னேன்.

வசந்தாவும் பிள்ளையும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் மட்டும் விண்ணப்பிக்காமல் இழுத்தடித்தேன். கடைசியில் வசந்தாவின் கரைச்சல் தாங்காமல் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. இன்னும் மூன்று கிழமை. பொய் சொல்லி வந்தவன் என்று தெரிந்தால் குடியுரிமை கிடைக்காதது ஒருபுறம் இருக்க, கையில் இருக்கிற நிரந்தர வதிவிடப் பத்திரத்தையும் பறிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அப்படியான நேரத்தில் என் வீட்டுக் குசினியில், பள்ளிக்கூடக் கொப்பியில், கலர்ப் பென்சிலில் என் வாக்குமூலம் கிடந்தது.

2

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் வலை இழுத்தேன், வவுனியாவில் தேநீர்க்கடையில் நின்றேன், கட்டாரில் கம்பி கட்டினேன். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் கால் ஊரத் தொடங்கிவிடும். மொன்றியலுக்கு வந்த பிறகும் வேலைகள் மாறிக்கொண்டே இருந்தன. உணவகத்தில் கோப்பை கழுவினேன். டெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடையில் நின்றேன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். இப்போது ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்குச் சாமான் இறக்குகிறேன்.

இப்படித் திரிந்தவனுக்குச் சந்தேகம் கூடவே வரும். ஒருவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். பெயர் கேட்டால் எதற்கு என்று கேட்பேன். சந்தைக்கு மெக்சிகோவில் இருந்து தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் பெட்டிகள் வந்தால், ஊர்ப்பெயர் அடித்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி அடுக்குவேன். கடைக்காரர் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

ஆரபிக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது போன இலையுதிர் காலத்தில். பள்ளி நூலகத்தில் இருந்து ஒரு தொடர் கொண்டு வந்தாள். அட்டையில் இறகு முளைத்த பாம்பு, மயிரே இல்லாத நாய், அதன் முதுகைப் பிடித்தபடி ஒரு சிறுமி. மெக்சிகோவின் பழங்கதைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு எழுதிய சாகசக் கதைகள். செத்தவர்களை அந்த நாய் ஆறு கடத்திவிடுமாம். ஆற்றங்கரையில் ஒரு பெண் தன் பிள்ளைகளைத் தேடி அழுதுகொண்டே திரிவாளாம். ஒரு புத்தகம் முடிய அடுத்தது வரும். பல் துலக்கும்போதும் வாசித்தாள்.

நான் அந்தப் புத்தகங்களை அவள் பள்ளிக்குப் போன பிறகு எடுத்துப் பார்ப்பேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். தேடியது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு கொட்டகை அதில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, சனேக்கே எண்டா ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"காட்டைப் பாக்கிற சின்ன ஆக்கள். அவையின்ர காட்டுக்கை கேக்காமப் போனா வழியை மறைச்சுப்போடுவினம். ஆள் அதுக்குள்ளையே சுத்திக்கொண்டு நிக்கும். சேர்ட்டைப் பிரட்டிப் போட்டா அவைக்கு ஆளைத் தெரியாது."

"ஓ."

"நீங்களும் ஒஃபீசுக்குப் போகேக்கை பெனியனைப் பிரட்டித்தானே போடுறனீங்கள்?"

வசந்தா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அவசரத்திலை போடுறது," என்றேன்.

"ஒவ்வொரு முறையுமோ?" என்றாள் வசந்தா.

நான் தண்ணீர் குடித்தேன்.

3

அவசரத்தில் போட்டதல்ல. அதை இப்போது சொல்லலாம்.

ஏஜென்சிக்காரனின் ஆள் எங்கள் இருவரையும் வெராகுரூஸ் பக்கம் ஒரு வீட்டில் இறக்கிவிட்டுப் பத்து நாளில் வருவேன் என்று போனான். பத்து நாள் கழித்து அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. வீட்டுக்காரன் சும்மா சோறு போடுவானா? எங்களைத் தேசிக்காய் தரம் பிரிக்கும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சின்னதை ஒரு பக்கம், பெரியதை ஒரு பக்கம், பழுத்ததை நிலத்தில். தேசிப்புளி பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் உரிந்து போகும். அதற்கு மேல் பெரிய கஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு இருந்தது. படுக்க இடம் இருந்தது. பாஷையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீரோடை, அதற்கு அப்பால் தோட்டம், அதற்கும் அப்பால் காடு. மத்தியானத்தில் ஓடையைத் தாண்டுகிற தொழிலாளி எவரும் சேர்ட்டைக் கழற்றிப் பிரட்டிப் போட்டுக்கொண்டுதான் போவார். வயது வித்தியாசம் இல்லை. லொறி ஓட்டுகிற தடியனும் அப்படித்தான் செய்தான். சனேக்கே என்ற பெயரை நான் முதலில் கேட்டது அங்கேதான். என்னோடு இருந்தவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நல்ல உடம்புக்காரர், வாய்க்காரர். அவருக்கு இது பெரிய பகிடி.

"டேய் தம்பி, சேர்ட்டைப் பிரட்டினா விசாவும் கிடைக்குமோ எண்டு கேளடா."

நானும் சிரித்தேன். சிரித்த அடுத்த கிழமை, பட்டப்பகலில், ஓடைக்கு அப்பால் தேசி மரங்களுக்கிடையில் மூன்று மணித்தியாலம் வழி தெரியாமல் சுற்றினேன். கொட்டகையின் இயந்திரச் சத்தம் காதில் கேட்கிறது, ஆனால் எந்த வரிசையால் போனாலும் ஒரே பெரிய கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். கடைசியில் ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சேர்ட்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு வந்த வழி பத்து நிமிஷம். நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். ஆபத்தான இடத்துக்குப் போகும்போது பிரட்டிப் போடுகிறேன். எனக்கு ஆபத்தான இடம் என்றால் அரசாங்கக் கந்தோர்கள்தான்.

ஆறாவது மாதம் முடிய ஒரு லொறி வந்தது. வடக்கே கொண்டுபோய் எல்லை கடத்துகிறோம் என்றார்கள். ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. நீங்கள் போங்கோ அண்ணை என்றேன். போனார். போய்ச் சேர்ந்ததும் கொட்டகைத் தொலைபேசிக்கு எடுப்பதாகச் சொன்னார். எடுக்கவில்லை. அடுத்த மாதம் என்னுடைய ஏஜென்சிக்காரன் திடீரென்று முளைத்தான். வேறொருவரின் கடவுச்சீட்டில் நான் விமானம் ஏறினேன்.

4

படத்தைக் கண்ட நாளில் இருந்து ஒவ்வொருவராகச் சந்தேகித்தேன்.

முதல் ஆள் லூப்பே. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் நாங்கள் இருக்கிற அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் மெக்சிகோப் பெண். அவளுடைய மகள் ஹிமேனாவும் ஆரபியும் ஒரே வகுப்பு, ஒரே புத்தகப் பைத்தியம், ஒரே கொப்பி. அந்தப் படமும் வகுப்பு வேலைதான். பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சாகசக் கதை எழுதிப் பெற்றோருக்கு முன்னால் வாசிக்க வேண்டும்.

லூப்பேயிடம் நான் ஏற்கெனவே ஒரு முறை மாட்டியிருந்தேன். சந்தையில் அவள் பின்பக்கமாக நடந்து என் தள்ளுவண்டியில் இடிக்கப் பார்த்தாள். "குய்தாதோ!" என்று கத்திவிட்டேன். கவனம் என்று அர்த்தம். தமிழில் கத்தியிருக்கலாம், பிரெஞ்சில் கத்தியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான். அவள் கண் விரிந்தது.

"எங்கே படித்தீர்கள்? எங்கள் ஊர்க்காரர் மாதிரியே சொல்கிறீர்கள்," என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கட்டாரில். ஒரு பிலிப்பீன்காரன்," என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. கனக்கத் தெரிந்தவர்கள் சிரிக்கிற மாதிரி இருந்தது.

இரண்டாவது ஆள் ஆசிரியை மதாம் கரோல். "வீட்டில் பெற்றோர் சொல்லும் கதைகளில் இருந்தும் எடுக்கலாம்" என்று எழுதி அனுப்பியிருந்தார். எதற்காம்? பெற்றோர் என்ன கதை சொல்கிறார்கள் என்று அறிய ஆருக்கு ஆசை? பள்ளிக்கூடமும் அரசாங்கத்தின் ஒரு அறைதானே என்று யோசித்தேன். மூன்றாவது ஆள் வசந்தா. பெனியனைப் பார்த்துப் பார்த்து ஏதாவது கண்டுபிடித்துப் பிள்ளையிடம் சொல்லியிருப்பாளோ? ஆனால் ஏழு மாதம்? இரண்டாவது மனிதன்?

ஆரபி இனிக் கீழ்வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை என்ன செய்தது?" என்றாள் வசந்தா.

"வேண்டாமெண்டா வேண்டாம்."

"காரணத்தைச் சொல்லுங்கோவன்."

"அவையின்ர வீட்டிலை கண்ட கதையளும் கதைக்கினம்."

"எங்கட வீட்டிலை ஒண்டுமே கதைக்கிறேல்லை. அதுதான் பிள்ளை அங்கை போகுது."

மூன்றாம் நாள் லூப்பே கதவைத் தட்டினாள். பின்னால் ஹிமேனா, கையில் கலர்ப் பென்சில் பெட்டி.

"என் பிள்ளை ஏதாவது பிழை செய்தாளா? கதை முடிக்க வேண்டும், ஆரபியைக் காணவில்லை."

"காய்ச்சல்," என்றேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை!" என்று உள்ளேயிருந்து பிரெஞ்சில் குரல் வந்தது.

லூப்பே ஹிமேனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் முகத்தில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தா கடைக்குப் போயிருந்தாள். ஆரபியை மேசையில் இருத்தி நான் எதிரே இருந்தேன். கொப்பியை நடுவில் வைத்தேன்.

"இது ஆர் சொன்ன கதை?"

"எங்கட கதை. என்ரையும் ஹிமேனாவின்ரையும்."

"இந்த ஏழு மாசம் எண்டு ஆர் சொன்னது? ஹிமேனாவின்ர அம்மாவோ?"

"இல்லை."

"மதாமோ?"

"இல்லை."

"அம்மாவோ?"

"அம்மாக்குத் தெரியாதே."

"அப்ப ஆர்?"

"நீங்கள்தான்."

"நானோ? எப்ப?"

"பஸ்ஸிலை. கார்தெரிக்குப் போகேக்கை. பின் சீற்றிலை, ஹீட்டருக்கு மேலை. நான் நீல ஸ்னோசூட் போட்டிருந்தனான்."

கார்தெரி என்றால் குழந்தைகள் காப்பகம். ஆரபிக்கு மூன்று வயது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான்தான் அவளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது நிமிஷம். கண்ணாடி முழுக்கப் பனிப் புகை, வெளியே ஒன்றும் தெரியாது.

அந்த வருஷம் எங்கள் ஆட்கள் எவரைக் கண்டாலும் ஒரே புலம்பல்தான். கார்தெரிக்குப் போட்டால் தமிழ் போய்விடும், என்ர பிள்ளைக்குப் போய்விட்டது, உன்ர பிள்ளைக்கும் போய்விடும். கோயிலில் சொன்னார்கள், கலியாண வீட்டில் சொன்னார்கள். ஆரபியும் அப்போது எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் "வுய், பப்பா" என்றுதான் பதில் சொல்வாள். எல்லோரும் அதைச் சொல்லிக் கவலைப்பட்டார்கள். நானும் கவலைப்படுவதாகக் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது உதவியாக இருந்தது. என் பாஷை விளங்காத, என்னோடு கோபிக்காத, எவரிடமும் போய்ச் சொல்லத் தெரியாத ஒருவர் மடியில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் கதைத்தேன். கொட்டகை, ஓடை, சனேக்கே, லொறி, தொலைபேசிக்குப் பக்கத்தில் நான் காத்திருந்தது, எல்லாம். பிள்ளைக்குத் தமிழ் ஏறவில்லை என்று ஊரே சொன்னதை நம்பினேன். எதையும் நம்பாத நான் நம்பிய ஒரே விஷயம் அது.

"என்ன சொன்னனான்? சொல்லுங்கோ பாப்பம்," என்றேன்.

ஆரபி நாடியைத் தூக்கிக் குரலைத் தடிப்பாக்கினாள். "டேய் தம்பி, சேர்ட்டைப் பிரட்டினா விசாவும் கிடைக்குமோ எண்டு கேளடா."

அது அவருடைய குரல். நான் பேருந்தில் செய்து காட்டியிருப்பேன் போல. ஒரு சொல் பிசகவில்லை.

"பேந்து நீங்கள் என்ர மூக்கைத் துடைச்சுப்போட்டு அதே லேஞ்சியாலை உங்கட மூக்கையும் துடைச்சனீங்கள். சீ எண்டு இருந்தது."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கதை எண்டு நினைச்சனான். பேந்து புத்தகத்திலை சனேக்கே வந்திச்சு. அப்பதான் யோசிச்சனான், அப்பான்ர கதை இதுக்குள்ளை எப்பிடி வந்தது எண்டு."

அவளும் சந்தேகப்பட்டிருக்கிறாள். எட்டு மாதமாக என்னைக் கவனித்துக்கொண்டு, பெனியனைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். என்னிடம் இருந்து அவளுக்கு என்ன போயிருக்கிறது என்று அப்போது கொஞ்சம் விளங்கியது. முழுக்க விளங்கவில்லை.

6

லொறியில் போன அந்த மனிதருக்கு ஒரு தங்கை இருந்தாள். கொட்டகையில் அவளைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை.

நான் மொன்றியலுக்கு வந்து ஐந்தாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு தமிழ்க் கடையில் அரிசி வாங்கப் போனேன். வாசலில் விளம்பரம் குத்துகிற பலகையில் அவருடைய படம். காணவில்லை, வெளிநாடு போக ஏஜென்சியோடு வெளிக்கிட்டவர், கண்டவர்கள் அறியத்தரவும், இப்படிக்குத் தங்கை. ஊரில் இருந்து ஆரோ தெரிந்தவர் மூலம் அனுப்பி ஒட்டுவித்திருக்க வேண்டும். கீழே தொலைபேசி இலக்கம்.

எடுத்தால் என்ன சொல்வது? கண்டேன் என்றால் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் நான் அங்கே இருந்தவன். எனக்கு அப்போது நிரந்தர வதிவிடம் கிடைத்துச் சில மாதம்தான். கடைக்குள் போய் அரிசி வாங்கினேன். திரும்பி வரும்போது பலகையில் இருந்த பரதநாட்டிய வகுப்பு விளம்பரம் ஒன்றைக் கழற்றி, அவருடைய படத்துக்கு மேல் குத்திவிட்டு வந்தேன். நாலு மூலைக்கும் நாலு குண்டூசி.

இதையும் பேருந்தில் சொன்னேனா என்று ஆரபியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதையை மாற்றச் சொன்னேன். இனி மாற்ற ஏலாது என்றாள் ஆரபி. ஹிமேனா அந்த இரண்டாவது மனிதரை ஏழு பக்கத்தில் கீறிவிட்டாள்.

"சரி. ஆனா ஆரும் கேட்டா, எல்லாம் கற்பனை எண்டு சொல்ல வேணும்."

"அது பொய்யெல்லே?"

"கதைதானே பிள்ளை. கதை எண்டா கற்பனைதான்."

அவள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "அப்பாக்குப் பிரச்சினை வருமோ?"

"வரலாம்."

"ஓகே."

சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னாள். இன்னும் ஒருமுறை என்றேன். கண்ணை நிலத்தில் வைக்காமல் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். மூன்றாம் முறை நன்றாக வந்தது. கீழ்வீட்டுக்குப் போக விட்டேன். குதித்துக்கொண்டு போனாள்.

7

நேர்முகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பள்ளிக்கூட நிகழ்ச்சி. பின்னேரம் ஐந்து மணி. உடற்பயிற்சி மண்டபத்தில் சின்னக் கதிரைகள் போட்டிருந்தார்கள், முழங்கால் நெஞ்சில் முட்டுகிற உயரம். வசந்தாவுக்கு வேலை. இடம் தேடியபோது லூப்பே தன் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கோட்டை எடுத்து மடியில் வைத்தாள். உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று பிரெஞ்சில் முணுமுணுத்தேன். அவள் ஸ்பானிஷில், "பார்ப்போம், நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்," என்றாள். விளங்கியதாகக் காட்டாமல் இருக்க முயன்றேன். தலை ஆடிவிட்டது.

ஆரபியும் ஹிமேனாவும் மாறி மாறி வாசித்தார்கள். இரண்டு சிறுமிகள் நதியோரப் பூங்காவில் மயிரில்லாத நாய் ஒன்றைக் காண்கிறார்கள். அது அவர்களைத் தண்ணீருக்குள்ளால் தேசிக்காய்க் காட்டுக்குக் கொண்டு போகிறது. அங்கே இரண்டு மனிதர்களைச் சனேக்கேக்கள் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சிறுமிகள் சேர்ட்டைப் பிரட்டிப் போடச் சொல்கிறார்கள். ஒருவர் போடுகிறார். மற்றவர் பகிடி பண்ணுகிறார். அவரைச் சனேக்கேக்கள் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். முதல் மனிதர் வெளியே வந்து எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார், ஏனென்றால் மறந்தால்தான் கதவு திறக்கும்.

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்.

"மற்ற ஐயாவுக்கு என்ன நடந்தது? அவரை ஒருவரும் கூட்டி வரப் போகவில்லையா?"

ஹிமேனா வாயைத் திறந்தாள். அதற்குள் ஆரபி முந்திக்கொண்டாள். கேட்ட பிள்ளையின் முகத்தை நேரே பார்த்தாள். குரல் ஆடவில்லை.

"அவர் உண்மையான ஆள் இல்லை. நாங்களாகக் கற்பனை செய்தது. அவரைத் தேட ஒருவரும் இல்லை."

மதாம் கரோல் தலையசைத்தார். அடுத்த இருவரைக் கூப்பிட்டார். மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் விரும்பியது அப்படியே நடந்தது. நான் சொல்லிக் கொடுத்தது கற்பனை என்பதை மட்டும்தான். கடைசி வசனத்தை அவளே சேர்த்திருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். லூப்பேயும் ஹிமேனாவும் முன்னால் போனார்கள்.

"சரியாச் சொன்னனா அப்பா?"

"சொன்னனீங்கள்."

"தேட ஒருத்தரும் இல்லை எண்டது நானாப் போட்டது. அப்பதானே நம்புவினம்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தாள்.

"ஆரபி, அவரைத் தேட ஆள் இருக்கு. அவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா."

அவள் முகம் சுருங்கியது. "அப்ப நான் சொன்னது பிழையோ? நாளைக்கு மதாமிட்டைப் போய் மாத்திச் சொல்லட்டோ?"

"நீங்கள் ஒண்டும் மாத்த வேண்டாம். மாத்த வேண்டியது நான்."

8

அன்று சாப்பாட்டுக்கு முன் வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூசி வரைக்கும். பதின்மூன்று வருஷத்துப் பொய்யைப் பற்றிப் பிறகு நிறையக் கேட்டாள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் முதலில் கேட்டது வேறு. "அந்தத் தங்கச்சிக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தேன். நேர்முகத்தைப் பின்போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பியிருக்கிறோம். என்ன முடிவு வரும் என்று தெரியாது. நல்லது நடக்கும் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. அதனால் அவரை ஓரளவு நம்புகிறேன். இதை எழுதுவதற்கும் அவர் ஓம் என்றுவிட்டார்.

அந்தக் கடைக்குப் போனேன். பலகையே இல்லை, அந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி நிற்கிறது. கடைக்காரர் தன் பழைய கொப்பி ஒன்றில் இருந்து அந்த இலக்கத்தைத் தேடித் தந்தார். எடுத்தால் வேறு யாரோ பேசுகிறார்கள். அதனால்தான் ஊரில் உள்ளவர்கள் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அவருடைய பெயர் ரகுநாதன். கிளிநொச்சிக்கு அங்கால், முரசுமோட்டை. நல்ல உயரம், தடித்த உடம்பு, வலது கைச் சின்ன விரலில் நகம் இல்லை. மெக்சிகோவில் வெராகுரூஸ் மாநிலத்தில் ஒரு தேசிக்காய்க் கொட்டகையில் என்னோடு ஆறு மாதம் வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி போல நீல நிற லொறி ஒன்றில் வடக்கு நோக்கிப் போனார். அவரோடு இரண்டு நேபாளியரும் ஒரு குடும்பமும் போனார்கள். ஓட்டுநரைப் பேட்டோ என்று கூப்பிட்டார்கள். கொட்டகை இருந்த ஊரின் பெயர், வீட்டுக்காரனின் பெயர், லொறியின் பக்கத்தில் எழுதியிருந்தது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் தருவேன். எங்கேயாவது வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

தங்கையின் பெயர் சுதா. அவளுக்குத் தையல் மிஷின் ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும் என்று அடிக்கடி சொல்வார், காலால் மிதிப்பது வேண்டாம், கரண்டில் ஓடுவது.

சுதாவைத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுங்கள். லொறி ஏறிய அன்று அவருக்கு நோய் ஒன்றும் இருக்கவில்லை. காலமை வயிறு நிறையச் சாப்பிட்டார். என்னுடைய பங்கையும் அவருக்குத்தான் கொடுத்தேன், அதையும் சாப்பிட்டார்.